ஒரே பையனை மூன்று பேர் பார்க்கிறார்கள்: வடசென்னைப் பள்ளிகளுக்காகப் பேசத் தொடங்குபவர்களுக்கு

வியாசர்பாடியில் எங்கள் இரவுப் பாடசாலைக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். பள்ளியில் அவனுடைய கணக்கு மிஸ் என்னிடம் சொன்னது இது: "போர்டுல எழுதிப் போட்டா பாதியோட நிறுத்திடுறான் சார். கவனமே இல்ல." கிரவுண்டில் அவனுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொன்னது: "கால்ல பந்து இருந்தா புலி. தூரத்துலேருந்து தூக்கி அடிச்சா மட்டும் லேட்டா எழும்புறான். பயப்படுறான்னு நினைக்கிறேன்." டியூஷன் அக்காவோ, "எங்கிட்ட நல்லாத்தான் படிக்கிறான்ணா. புக்கை மூக்குகிட்ட வச்சிக்குவான், அவ்ளோதான்" என்றார்.

இந்த மூன்றையும் நான் கேட்டது ஐந்து மாத இடைவெளியில். ஒருநாள் இரவு நோட்டைப் புரட்டும்போது மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில் கண்ணில் பட்டன. மறுவாரமே அவன் அம்மாவோடு எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819இல் தொடங்கிய பழைய ஆஸ்பத்திரி அது. வெளிநோயாளிகள் வரிசையில் அரை நாள் போய்விடும், ஆனால் பார்த்து அனுப்புவார்கள். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கண்ணாடி வந்தது. "கவனமில்லாதவன்", "பயந்தவன்" என்று அவனுக்கு இரண்டு இடங்களில் இருந்த பெயரும் ஒரு மாதத்தில் போனது.

ஐந்து மாதம் வீணானதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மூன்று பேருக்கும் அவன்மேல் அக்கறை இருந்தது. மூவரும் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. நம் பகுதிப் பள்ளிகளில் நிறைய விஷயங்கள் தேங்கி நிற்பது இப்படித்தான். பணமும் கட்டடமும் தேவைதான், அதற்குத் தனியாகப் போராட வேண்டும். ஆனால் ஆசிரியர், பயிற்சியாளர், டியூஷன் எடுப்பவர் மூவருக்கும் தெரிந்ததை ஒரே இடத்தில் சேர்ப்பதற்குப் பைசா செலவில்லை. யாராவது ஒருவர் நடந்துபோய்ப் பேச வேண்டும். அந்த ஒருவராக வர நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் புதிதாகப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வந்த பெற்றோராக இருக்கலாம், அதே பள்ளியில் படித்த பழைய மாணவராக இருக்கலாம், மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலராக இருக்கலாம்.

முதலில், யாருடைய பள்ளி என்று பாருங்கள்

ஒரே தெருவில் மூன்று பள்ளி இருந்தால் மூன்றுக்கும் மூன்று வாசல். மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளி, பள்ளிக் கல்வித் துறை நடத்தும் அரசுப் பள்ளி, ராயபுரம் பக்கம் நிறைய இருக்கிற சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி. முதல் இரண்டிலும் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். உதவி பெறும் பள்ளியில் தாளாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தலைமை ஆசிரியருக்குச் சங்கடம். மாநகராட்சிப் பள்ளி எந்த மண்டலத்தில் வருகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று மண்டலம் மாறினால் அலுவலரும் மாறுவார்.

இதைத் தெரிந்துகொண்டதும் பள்ளிக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் போக வேண்டிய மூன்றாவது இடம் அது.

டியூஷன் அக்காவிடம் தொடங்குங்கள்

நான் தலைகீழாகத் தொடங்கினேன். முதல் வருடம், பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, உடற்கல்வி பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், கழிவறையில் தண்ணீர் இல்லை என்று பதினொரு புகார்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு பள்ளியின் ஆசிரியர் அறைக்கு நேராகப் போனேன். எல்லாமே உண்மைதான். ஒரு டீச்சர் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "சரி சார், பார்க்கிறோம்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் என்னோடு யாரும் ஆறு மாதம் மனம்விட்டுப் பேசவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். வகுப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூடப் பார்க்காமல் தீர்ப்போடு போயிருந்தேன்.

அதனால் டியூஷனில் தொடங்குங்கள். கொருக்குப்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு டியூஷன் அக்கா இருப்பார். பத்துக்குப் பத்து அறை, வாசலில் இருபது ஜோடி செருப்பு, உள்ளே ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே பாயில். பெரும்பாலும் காலேஜ் படிக்கிற பெண், அல்லது படித்துவிட்டு வேலை தேடுகிற பெண். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எந்தப் பிள்ளை வீட்டில் அம்மா மட்டும், எது காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறது, எது பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் புரியாமலே பார்த்து எழுதுகிறது, எல்லாம் தெரியும். காசிமேட்டுப் பக்கம் என்றால் மீன்பிடித் தடைக்காலமும் அவருக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அது முடிகிற நேரத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. ஜூனில் நோட்டு இல்லாமல் வரும் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கும் முன், அந்த வீட்டில் இரண்டு மாதம் வரும்படி குறைந்திருந்தது என்று ஆசிரியருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர் டியூஷன் அக்கா. ஆனால் அவரைப் பள்ளிக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால், ஐந்து ஐந்தரைக்குப் போங்கள். வகுப்பு நடக்கும்போது போகாதீர்கள், பிள்ளைகள் முன்னால் அவரைச் சோதிப்பது போல இருக்கும். முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்த வாரம் பிள்ளைங்க எந்தப் பாடத்துல ரொம்பத் தடுமாறினாங்க?" எத்தனை பேர், என்ன ஃபீஸ் என்று கேட்டால் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார். ஒரு விஷயத்தை நீங்களே சொல்லி அவர் பயத்தைப் போக்கிவிடலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத்தான் தடுக்கிறது. தெருவில் சொல்லிக்கொடுக்கும் அக்காவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இது தெரியாமலே பள்ளிப் பக்கம் தலைகாட்டப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிரவுண்டுக்குப் போங்கள்

காலை ஆறு மணிக்குப் பயிற்சி தொடங்கினால் ஏழே முக்காலுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். விசில் அடித்து முடித்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடி, மாஸ்டர் தனியாகக் குனிந்து கூம்புகளைப் பொறுக்குவார். நீங்களும் நாலு கூம்பைப் பொறுக்கிக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற பேச்சைவிட இது நன்றாக வரும்.

வடசென்னையில் பயிற்சியாளர் என்றால் பெயர்ப்பலகை வைத்தவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். வியாசர்பாடியில் கால்பந்து, பழைய பாக்ஸிங் பரம்பரைகள், சிலம்பம், ஒற்றை அறையில் நாலு பலகை போட்டு நடக்கும் கேரம் கிளப், எல்லாவற்றிலும் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமாவுக்குப் பயிற்சி கொடுத்தது ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பாதான். நீங்கள் பேச வேண்டிய ஆள் காலையில் கோச்சாகவும் பகலில் டிரைவராகவும் இருக்கலாம். அவருடைய பகல் வேலையை மதித்து நேரம் கேளுங்கள்.

பயிற்சியாளரிடம் "படிப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்லி முடித்துவிடுவார். "தோத்த பிறகு யார் எப்படி நடந்துக்கிறாங்க?" என்று கேளுங்கள். "யார் சொல்லாமலே சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்?" என்று கேளுங்கள். "காலையில சாப்பிடாம வர்றவங்க யாரு?" என்று கேளுங்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கிரவுண்டில் பதினோரு பேரை நிறுத்தி வேலை வாங்குகிறாள் என்று அவர் சொன்னால், அடுத்த படிக்கு அது உங்கள் கையில் இருக்கும் பெரிய செய்தி.

பள்ளிக்குள்

இப்போது போகலாம். கையில் புகார் இல்லாமல், ஒரு நல்ல செய்தியோடு போங்கள்.

நேரம் முக்கியம். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரி பிறந்தால் பொதுத்தேர்வுப் பரபரப்பு. ஜூன் மாதம் சேர்க்கையிலும் புத்தகம் சீருடை கொடுப்பதிலும் போய்விடும். நான் போவது ஜூலை இரண்டாம் வாரம், அல்லது காலாண்டு விடுமுறை முடிந்த அக்டோபர், அல்லது பொங்கல் கழிந்த பத்து நாள். நாளில் எந்த நேரம் என்றால், காலை வேண்டவே வேண்டாம். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றுவதில் எல்லோரும் அல்லாடிக்கொண்டிருப்பார்கள். மாலை மணி அடித்த பிறகும் கஷ்டம். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வருகிற டீச்சர்கள் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியருக்கு வகுப்பில்லாத ஒரு பீரியட் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு சின்னக் கடிதம் கொடுங்கள், வாயால் சொல்வது போதாது. நீங்கள் யார், எந்த வகுப்பு ஆசிரியரோடு, எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று நாலு வரி. வகுப்பறைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய மாட்டேன், படம் எடுக்க மாட்டேன் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கடைசி வரி பல கதவைத் திறந்திருக்கிறது. வந்தவர் செல்போனில் படம் எடுத்துப் போட்டுவிடுவாரோ என்ற பயம் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு.

ஆசிரியரிடம் முதல் சந்திப்பில் முக்கால்வாசி கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு நன்றாகப் பலித்த கேள்விகள் மூன்று.

"உங்க வகுப்புல கையே தூக்காதவங்க யார் யாரு?" நன்றாகப் படிப்பவர்களும் சேட்டை செய்பவர்களும் எல்லோருக்கும் தெரிவார்கள். இந்தக் கேள்விக்கு ஆசிரியர் கொஞ்சம் யோசிப்பார். யோசிக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அங்கே வருகிற பெயர்கள்தான் நமக்கு வேண்டியவை.

"போன மாசம் நீங்க எடுத்ததுல எந்தப் பாடம் நல்லா வந்துச்சு?" அவர்கள் வேலையில் எது நன்றாக நடந்தது என்று வெளியாள் யாரும் கேட்பதில்லை. ஒரு டீச்சர் இந்தக் கேள்விக்கு எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிள்ளைகள் தீப்பெட்டி அட்டையில் செய்த பின்னப் பலகையை எடுத்துவந்து மேசைமேல் பரப்பிக் காட்டினார். அரை, கால், அரைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓரத்தில் பிள்ளைகளின் கோணல் கையெழுத்து. பின்னம் புரியாமல் எங்கள் பாடசாலையில் நாங்கள் மாரடித்துக்கொண்டிருந்தோம். மறுநாளே அட்டை வெட்ட உட்கார்ந்தோம்.

"வெளியிலேருந்து நாங்க ஒண்ணே ஒண்ணு செய்யலாம்னா என்ன செய்யணும்?" வருகிற பதில் சின்னதாக இருக்கும். சாயங்காலம் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்க வையுங்கள், சனிக்கிழமை மேட்சை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள், இப்படி. சின்னதாக இருப்பதே நல்லது.

உடற்கல்வி ஆசிரியரை மறந்துவிடாதீர்கள். அவர் இரண்டு பக்கமும் தெரிந்தவர். அவருடைய பீரியட் பறிபோவதைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். பள்ளிக்குள் அவருக்குச் சிக்கலாகும். வெளி கிரவுண்டு மாஸ்டரை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள், போதும்.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று. ஒரு பிள்ளைக்கு ஒரு விரிந்த பக்கம். மூன்று கட்டம்: வகுப்பில், கிரவுண்டில், டியூஷனில். தேதியோடு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "கவனமில்லை" என்று சுருக்காமல் "போர்டுல எழுதிப் போட்டா பாதியோட நிறுத்திடுறான்" என்று எழுதுங்கள். கவனமில்லை என்று எழுதியிருந்தால் அந்தக் கண் விஷயம் எனக்குப் பிடிபட்டிருக்காது. பிள்ளையின் பெயருக்குப் பதில் ஒரு எண் போடுங்கள், பெயர்ப் பட்டியலை வீட்டில் வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டாம். ஒருமுறை, உதவி கிடைக்கும் என்று நினைத்து, ஒரு பெண்ணின் வீட்டு நிலைமையைப் பெயர் சொல்லாமல் குழுவில் போட்டேன். பெயர் இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரியாதா? மறுநாள் காலை அவளுடைய அம்மா கேட்டில் நின்று, "எங்க வீட்டுக் கஷ்டத்த ஊருக்கெல்லாம் சொல்ல நீ யாருப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் பாடசாலைக்குத் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பேச்சின் நடுவே பிள்ளையை யாராவது அடிப்பதாகவோ தவறாக நடந்துகொள்வதாகவோ தெரிந்தால், அது நம் நோட்டுக்கும் கூட்டத்துக்கும் உரிய விஷயம் இல்லை. உடனே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. "முதலில் பள்ளியில் பேசிப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பள்ளி தொடர்பான மற்ற சந்தேகங்களுக்குக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

மூவரையும் ஒரே மேசையில்

இரண்டு மாதம் தனித்தனியாகப் பேசிய பிறகுதான் இது. மூன்று பேர், முக்கால் மணி நேரம், ஒரு வகுப்பு, ஒரு விஷயம். இடம் பள்ளியிலேயே இருக்கட்டும். பயிற்சியாளரும் டியூஷன் அக்காவும் பள்ளி வாசலை மரியாதையோடு தாண்டி உள்ளே வருவதே பாதி வேலை. டீ, பட்டர் பிஸ்கட் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.

யார் முதலில் பேசுவது என்பதை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் தொடங்கினால் மற்ற இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டியூஷன் அக்காவை முதலில் பேசச் சொல்லுங்கள், அடுத்து மாஸ்டர், கடைசியில் ஆசிரியர். எங்கள் முதல் கூட்டத்தில் அந்த அக்கா பத்து நிமிடம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "மிஸ், நீங்க குடுக்குற ஹோம்வொர்க்ல கேள்வி மட்டும் இருக்கு. எந்தப் பக்கம்னு இருந்தா நான் சொல்லிக்குடுத்துடுவேன்" என்றார். மிஸ் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். "இதை நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார். யாரிடம் சொல்வது? மறுநாளிலிருந்து வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் பக்க எண் வந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு மாலையில் அரை மணி நேரம் மிச்சம்.

எழுந்திருப்பதற்கு முன் ஒரே ஒரு வேலையை முடிவு செய்யுங்கள், ஒரு மாதத்துக்கு. மூவரும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் எடுத்தது வாய்விட்டுப் படிப்பது. வகுப்பில் படித்த அதே பத்தியை டியூஷனில் மறுபடி படிப்பார்கள். கிரவுண்டில் அன்றைய அணிப் பட்டியலையும் விதிகளையும் ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். மாஸ்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பட்டியலை வேண்டுமென்றே நீளமாக எழுத ஆரம்பித்தார்.

மேலாண்மைக் குழுவுக்கு எடுத்துப்போவது

பேச்சில் வந்ததில் சில விஷயங்களுக்குக் காசும் அதிகாரமும் வேண்டும். விளக்கு, சுற்றுச்சுவர், கழிவறை, காலியாக இருக்கும் ஆசிரியர் இடம். இதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது இந்தக் குழுவின் வேலை. கூட்டம் எந்த வெள்ளிக்கிழமை என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குழுவில் தலைவராக இருக்கும் அம்மாவைக் கூட்டத்துக்கு முன் வீட்டில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அவர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவார். நோட்டில் இருப்பதை அவரிடம் படித்துக் காட்டி, எதைக் கேட்க வேண்டும் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் பேசட்டும், நீங்கள் பின்னால் இருங்கள். பேசியது தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் எங்கள் தெருக்களில் தண்ணீர் வடிய நாளானது. எந்தெந்தப் பிள்ளைக்குப் புத்தகம் நனைந்துபோனது என்ற பட்டியல் பள்ளி திறப்பதற்கு முன்பே வகுப்பு ஆசிரியர் கையில் இருந்தது. டியூஷன் அக்காவும் மாஸ்டரும் முழங்கால் தண்ணீரில் வீடுவீடாகப் போய் எழுதியது. அதற்கு ஒரு வருடம் முன்னால் அவர்கள் மூவருக்கும் ஒருவர் எண் ஒருவரிடம் இருந்ததில்லை.

ஜூன் மாதம்

ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பு மாறும், ஆசிரியர் மாறுவார், சில சமயம் தலைமை ஆசிரியரும் மாறிப் போவார். மாஸ்டரும் டியூஷன் அக்காவும் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள். அதனால் ஏப்ரல் கடைசியில், தேர்வு முடிந்த கையோடு, பழைய வகுப்பு ஆசிரியரைப் பத்து நிமிடம் உட்கார வைத்து ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், அடுத்த ஆசிரியருக்காக. அந்தக் கண்ணாடிப் பையனின் பக்கத்தில் கணக்கு மிஸ் எழுதிக் கொடுத்தது: "இரண்டாவது பெஞ்சில் உட்கார வைக்கவும். கண்ணாடியை மறந்துவிட்டு வருவான், கேட்கவும்."